ஜார்ஜ் கோட்டை மியூசியம்: பிள்ளைகளோடும் பெரியவரோடும் ஒரு பகலில் பார்க்க முடியுமா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் மதுரையிலிருந்து சென்னை வருகிறோம். எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், முட்டி வலி உள்ள என் மாமியார், நாங்கள் இருவர். இந்த ஊர் எப்படி ஊரானது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எழும்பூர் மியூசியத்தைவிட அதற்குக் கோட்டை மியூசியம்தான் சரி என்கிறார்கள். எந்தக் கிழமை போவது? எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து எப்படிப் போவது? உள்ளே எவ்வளவு நேரம் வேண்டும்? தலைமைச் செயலகம் இருக்கும் இடம் என்பதால் உள்ளே விடுவதில் தொந்தரவு உண்டா? "பழைய துப்பாக்கியும் வெள்ளைக்காரன் படமும்தான், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

மண்ணடிவாசி:

முதலில் கிழமை. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். எழும்பூர் மியூசியத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை, அதனால் "இது இல்லாவிட்டால் அது" என்ற கணக்கும் அன்றைக்கு நடக்காது. மற்ற நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு சனிக்கிழமைதான் தோது: செயலகம் விடுமுறை, மனு கொடுக்க வருகிற கூட்டம் இருக்காது, வாசலில் சோதனையும் சீக்கிரம் முடியும். ஞாயிறும் பரவாயில்லை, ஆனால் காலையில் கோட்டைக்குள் இருக்கும் மேரி சர்ச்சில் ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்கப் போக முடியாது. சட்டமன்றம் கூடியிருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அன்று ராஜாஜி சாலையிலேயே வண்டியை நிறுத்த விடமாட்டார்கள்.

உள்ளே விடுவதில் தொந்தரவு என்று ஒன்றுமில்லை, முறைதான் உண்டு. பெரியவர்கள் எல்லோரும் ஆதாரோ வேறு அடையாள அட்டையோ அசலாகக் கையில் வைத்திருங்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், எங்கே என்று கேட்பார்கள். "மியூசியம்" என்றால் போதும். ஊரிலிருந்து வந்த பெட்டி, படுக்கையோடு நேராக வந்து நிற்பதுதான் பலரும் மாட்டிக்கொள்கிற இடம். எழும்பூர் ஸ்டேஷன் கிளோக் ரூமிலோ லாட்ஜிலோ வைத்துவிட்டுக் கைப்பையோடு வாருங்கள். டிக்கெட் தொல்லியல் துறை கவுன்ட்டரில், 15 வயதுக்குக் கீழே இலவசம். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் கட்டணம் இல்லை.

வழி: எழும்பூரில் கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் பூங்கா, அடுத்தது கோட்டை. ஆனால் கோட்டை ஸ்டேஷன் இருப்பது கோட்டைக்கு மேற்கே. மியூசியம் கிழக்குப் பக்கம், கடலைப் பார்த்த ராஜாஜி சாலை ஓரத்தில். ஸ்டேஷன் பேரைப் பார்த்து ஏமாந்து இறங்குகிறவர்கள் கோட்டையைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ளவரை அந்த நடைக்கு இழுக்க வேண்டாம். எழும்பூரிலிருந்தே ஆட்டோ பிடித்து "தலைமைச் செயலகம் மெயின் கேட், ராஜாஜி சாலை" என்று சொல்லுங்கள். வெறுமனே "கோட்டை" என்றால் ஸ்டேஷன் வாசலில் கொண்டு விட்டாலும் விடுவார்கள்.

சாப்பாடு: விடுமுறை நாளில் உள்ளே எதையும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். வெளியே வந்து பாரிமுனைப் பக்கம் போனால் எல்லா விலையிலும் சாப்பாடு கிடைக்கும். சாயங்காலம் வரை இருந்தால் பர்மா பஜார் பக்கத்து அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதுவும் இந்த ஊர் வரலாறுதான்.

செப்புக்காசு:

உங்கள் சொந்தக்காரர் சொன்னதில் பாதி உண்மை. என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் நடந்தால் அரை மணி நேரம்கூட அதிகம். குறிப்பட்டைகள் சுருக்கமானவை; "இன்ன பொருள், இன்ன நூற்றாண்டு" என்பதோடு நின்றுவிடும். கதையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். தெரிந்து போனால் இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும்.

நுழைந்ததும் கண்ணில் படுவது ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும், கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் சிலை. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. எல்லோரும் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது கீழே, பீடத்தில். திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கிற காட்சி புடைப்பாகச் செதுக்கியிருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின் விளைவு அது. ஐந்தாவது படிக்கிற பிள்ளையின் கண் மட்டத்துக்கு அந்தப் புடைப்பு சரியாக வரும். பெரிய பிள்ளைக்கு இன்னொன்று சொல்லுங்கள்: அமெரிக்க விடுதலைப் போரில் இதே கார்ன்வாலிஸின் படைதான் 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தது. அங்கே தோற்றவர் இங்கே வந்து சிலையானார்.

அடுத்தது நாணயங்கள். பிள்ளைகளை அசையாமல் நிற்க வைக்கிற இடம் இதுதான், ஆனால் கணக்கு தெரிந்தால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு எத்தனை பணம், எத்தனை காசு என்று எட்டாவது படிப்பவரைக் கேளுங்கள் (12 பணம், 960 காசு). வராகன் தங்கம், பணம் வெள்ளி, காசு செம்பு. இந்த மூன்றுக்கும் நடுவே மாற்றுவிலை ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால்தான் வட்டம் பிடித்து மாற்றித் தரும் சராப்புகளுக்குப் பிழைப்பு ஓடியது. 1818இல் ரூபாய்க் கணக்குக்கு மாறியதோடு வராகன் ஒழிந்தது. கண்ணாடிக்குள் நட்சத்திர வராகனைத் தேடுங்கள்: ஒரு பக்கம் பெருமாள் உருவம், மறுபக்கம் நட்சத்திரம். வேற்று நாட்டு வணிகக் கம்பெனி தன் காசில் ஏன் பெருமாளை அச்சிட்டது? ஏற்கெனவே சந்தையில் நம்பி வாங்கிக்கொண்டிருந்த காசின் சாயலில் இருந்தால்தான் செட்டியாரும் நெசவாளரும் கையில் வாங்குவார்கள். அவ்வளவுதான் காரணம்.

ஆயுதங்கள், சீருடைகள், பதக்கங்கள், பீங்கான் எல்லாம் வேகமாகப் பார்க்கலாம். துப்பாக்கிகளில் மட்டும் திரி வைத்துப் பற்றவைப்பதற்கும் சக்கிமுக்கிக் கல் வைத்ததற்கும் வித்தியாசம் காட்டுங்கள். திரி மழையில் நனைந்தால் போச்சு. நம்மூர் ஐப்பசி மழையில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

பார்க்டவுன் பையன்:

நல்ல பதில்கள். ஒன்று சேர்க்கிறேன். கட்டடமே காட்சிப்பொருள். 1644இல் வெள்ளைக்காரன் கட்டிய கோட்டைக் கட்டடத்துக்குள் நிற்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பழைய வரைபடம்:

1644 என்பது முதல் கோட்டைக்கு. 1639இல் தாமர்ல நாயக்கரிடம் இடம் வாங்கி, 1644 ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாளுக்குள் முடித்த அந்தச் சின்னச் சதுரக் கோட்டை இப்போது இல்லை. இன்று பார்க்கும் மதில்களின் வடிவம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749இல் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்த பிறகு, "இனி விடக்கூடாது" என்று பெரிதாக்கிக் கட்டியவை.

மியூசியக் கட்டடம் 1795ஐ ஒட்டியது. வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய எக்ஸ்சேஞ்ச் அது. முதல் மாடியில் பெரிய படங்கள் மாட்டியிருக்கும் நீள மண்டபத்தில்தான் அந்தக் கூட்டம் கூடும். இங்கிலாந்து ராஜா ராணி, கவர்னர்கள், ஆற்காட்டு நவாபுகள் என்று படங்களைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் மண்டபத்தைப் பார்ப்பதில்லை. நடுவில் நின்று ஒரு முறை முழுதாகத் திரும்பிப் பாருங்கள். சரக்குக் கப்பல் எப்போது வரும், துணி என்ன விலை போகும் என்று பேசிய இடம். பின்னால் ராணுவ அதிகாரிகளின் மெஸ் ஆகி, 1948 ஜனவரி 31இல் மியூசியமாகத் திறந்தார்கள்.

இதே கட்டடத்தின் கூரையில்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் எரிந்தது. தேங்காய் எண்ணெய் விளக்கு. அதற்குப் பதிலாக 1844இல் ஹைகோர்ட் வளாகத்தில் கல்தூண் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. மூன்றாவது ஹைகோர்ட்டின் கோபுரத்து உச்சியில், 1894இல். நான்காவது மெரினாவில், 1977 முதல். பெரிய பிள்ளைக்குப் பள்ளித் திட்டப்பணி ஏதாவது வேண்டுமென்றால் இந்த நான்கையும் ஒரு வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஊர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தானே தெரியும். மெரினா விளக்குக்கு மேலே போக லிஃப்ட் உண்டு. அங்கே விடுமுறை திங்கள்.

இனி டேனியல் அச்சுப் படங்கள். தாமஸ் டேனியல், அவர் சகோதரரின் மகன் வில்லியம் இருவரும் 1780களின் நடுவில் இந்தியா வந்து ஊர் ஊராக வரைந்து, லண்டன் போய் செப்புத்தகட்டில் அமிலம் கொண்டு அரித்து அச்சிட்டவை. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடித்து நேராகப் பார்த்தால் நம் முகம்தான் தெரியும். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து சாய்ந்து பாருங்கள். இந்த மாதிரிப் பழைய சென்னைக் கடற்கரைப் படங்களில் கவனிக்க வேண்டியது அலையும் படகும். துறைமுகம் கிடையாது; கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசுலாப் படகு. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்தது. ஆணி அடித்த படகு இந்த அலையில் கரை மோதினால் பிளந்துவிடும். தைத்தது வளைந்து கொடுக்கும்.

படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் பிள்ளைகள் கேட்கப்போவது ஒன்றுதான்: "படத்தில் கடல் கோட்டைச் சுவர்கிட்டே இருக்கிறது, இங்கே ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறதே?" பதில் துறைமுகம். 1870களில் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மறுபடி கட்டிய சுவர்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் மறித்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துகொண்டே போய் மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்றது. இதை மியூசியத்துக்குள் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். வாசலில் நின்று ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றிங்க. சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு சந்தேகம். மாமியாருக்கு மாடி ஏறுவது கஷ்டம், அவரை என்ன செய்வது? 1947 ஆகஸ்ட் 15இல் ஏற்றிய கொடி அங்கே இருக்கிறது என்கிறார்களே, அறை இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று படித்தேன். அதற்காக ஏறிப்போகலாமா?

செப்புக்காசு:

கட்டாயம் பாருங்கள். சுமார் 12 அடிக்கு 8 அடி, பட்டுத் துணி. கோட்டையில் அன்று அதிகாலை ஏறிய கொடி. 2013 குடியரசு தினத்திலிருந்துதான் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

இருட்டு வேண்டுமென்றே வைத்தது. பட்டும் சாயமும் வெளிச்சத்துக்கு மிகவும் பயப்படும். வெளிச்சம் சாயத்தை வெளுக்க வைக்கும், இழையையும் நொறுங்க வைக்கும், போன நிறத்தை எந்த வைத்தியத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பழந்துணிகளுக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் போகக்கூடாது என்பது உலக மியூசியங்களில் பொதுவான கணக்கு; வீட்டு ஹாலில் ராத்திரி டியூப்லைட் அதைவிடப் பிரகாசமாக எரியும். ஈரக்காற்று இன்னொரு எதிரி, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதனால் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச சிலிகா ஜெல் வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: வெயிலிலிருந்து நேராக அங்கே போகாதீர்கள். மற்ற அறைகளை முடித்துவிட்டுக் கொடியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் செல்போன் திரையைப் பார்க்காமல் இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும். பிறகு நிறம் தெரியும், தையல் தெரியும், நடுவில் சக்கரம் தெரியும். ஃபிளாஷ் போடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லி, செட்டிங்கில் அணைத்துவிட்டுக் கொடுங்கள். டிரைபாட், செல்ஃபி ஸ்டிக் வேண்டாம். கோட்டைக்குள் ராணுவத்தார் இருக்கும் பகுதிகளையும் காவலர்களையும் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள்.

மண்ணடிவாசி:

மாமியாருக்கு: மாடிக்குப் படிதான் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். முழுவதும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். தரைத்தளத்தை எல்லோரும் சேர்ந்து பார்த்துவிட்டு, அம்மா கீழே உட்காரட்டும், உங்களில் ஒருவர் கூட இருங்கள், மற்றவர் பிள்ளைகளை மேலே கூட்டிப் போகட்டும். பிறகு ஆள் மாறிக்கொள்ளலாம். அவருக்கு ஏறியே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரே மாடி, அந்த நீள மண்டபம். அதோடு போதும்.

அவருக்குப் பிடிக்கக்கூடியது மேரி சர்ச். கோட்டைக்குள்ளேயே கிட்டத்தில்தான். 1680இல் அர்ச்சித்தது. வெளிச்சுவர் நாலடி கனம், கூரை வளைவாக இரண்டடி கனத்தில் செங்கல். குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கட்டியது, தாங்கவும் செய்தது. உள்ளே குளுமையாக இருக்கும், பெஞ்சில் சாய்ந்து உட்காரலாம். ராபர்ட் கிளைவ் கல்யாணம் 1753இல் இங்கேதான். பின்னால் கவர்னரான எலிஹு யேல் கல்யாணமும் இங்கேதான், 1680இல், இந்தச் சர்ச்சின் முதல் கல்யாணம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று பிள்ளைகள் கேள்விப்படும் பெயர் இந்த ஆளுடையது.

ஒரே எச்சரிக்கை: சர்ச்சைச் சுற்றித் தரையில் பாவியிருப்பது கல்லறைக் கற்கள். மேடு பள்ளம், எழுத்துக் குழி, மழை பெய்திருந்தால் வழுக்கும். அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய வரைபடம்:

அந்தக் கற்கள் அங்கே வந்த கதை பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. அவை முதலில் இருந்தது கோட்டைக்கு வெளியே, இன்றைய ஹைகோர்ட், சட்டக் கல்லூரிப் பக்கத்து இடுகாட்டில். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகை போட்டபோது உயரமான கல்லறைகளின் மறைவில் நின்று கோட்டையைச் சுட்டார்கள். முற்றுகை விலகியதும் கம்பெனி செய்த வேலை, கல்லறைகளை இடித்து மறைவிடத்தை ஒழித்தது. எழுத்துள்ள கற்களை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பாவிவிட்டார்கள். லத்தீன், போர்த்துகீசியம், அர்மீனியன் எல்லாம் இருக்கும். 1652 என்று ஆண்டு போட்ட எலிசபெத் பேக்கர் கல்லைத் தேடுங்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் கல்லறை எழுத்துகளில் மிகப் பழையது என்பார்கள். கல் மேல் தண்ணீர் ஊற்றியோ சுண்ணாம்புக்கட்டி தேய்த்தோ எழுத்தை வாசிக்க முயலாதீர்கள், கல் கெடும். காலையிலோ சாயங்காலமோ சாய்வெயிலில் எழுத்தின் நிழல் விழும்போது தானாகவே படிக்க முடியும். உச்சி வெயிலில் வெறும் பலகையாகத்தான் தெரியும்.

அதனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றலாம். 9 மணிக்கே வந்துவிட்டால் முதலில் சர்ச் வெளிப்புறக் கற்கள், அப்புறம் மியூசியம், மறுபடி உச்சி வெயிலில் சர்ச்சுக்குள் உட்கார்ந்து இளைப்பாறல்.

செப்புக்காசு:

சின்னப் பிள்ளைக்கு அது ஒத்துவராது என்று நினைக்கிறேன். கல்லில் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் "போலாமா" என்று கேட்கும். சிலையும் துப்பாக்கியும் காசும் முதலில். 11 மணிக்குள் மியூசியம் முடிந்தால் கற்களில் இன்னும் கொஞ்சம் சாய்வெயில் மிச்சம் இருக்கும்.

வைகைக்கரை:

சரிங்க, மியூசியம் முதலில். மதியம் எழும்பூர் மியூசியத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

மண்ணடிவாசி:

வேண்டாம். அது 1851இல் தொடங்கியது, பல கட்டடங்கள், அமராவதிச் சிற்பங்களும் வெண்கலச் சிலைகளும் மட்டுமே அரை நாள் கேட்கும். அங்கே இருப்பது தென்னாட்டு வரலாறு. நீங்கள் கேட்டது ஊர் வரலாறு. களைத்த காலோடு வெண்கலக் கூடத்துக்குள் போவது அந்தச் சிலைகளுக்குச் செய்கிற துரோகம். மதியம் பாரிமுனையில் சாப்பிட்டுவிட்டு, என்.எஸ்.சி. போஸ் சாலை முனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரம் இருக்கும் கல்தூணைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு கோட்டையை ஒட்டி நம்மவர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை (பிளாக் டவுன்) இடித்து, பீரங்கி சுட வெட்டவெளி விட்டு, "இதற்கு இப்பால் வீடு கட்டாதே" என்று நட்ட எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது. எதிரே ஹைகோர்ட் நிற்பதே அந்த வெட்டவெளியில்தான். ஹைகோர்ட் சுற்றுச்சுவரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22இல் குண்டு போட்டதற்கான கல்வெட்டும் உண்டு. அது சுவரின் கிழக்குப் பக்கம், ராஜாஜி சாலைப் பக்கமாகத் தேட வேண்டும். ஆட்டோவை அந்தப் பக்கமாகப் போகச் சொல்லி இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளுங்கள், மாமியார் வண்டியிலேயே இருக்கலாம்.